மாப்பிள்ளையைத் தூங்கவைத்த நாள்

அன்று காலையிலிருந்து என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பொரிப்பு அறைக்குப் போனேன், கதவைத் திறந்தேன், உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு மூடினேன். சமையலறைக்கு வந்தேன். பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டதால் அங்கேயும் எனக்கு வேலை இல்லை. திரும்பவும் பொரிப்பு அறை. மூன்று இன்குபேட்டர்களும் கதவு திறந்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றன. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியை விரலால் தட்டிப் பார்த்தேன். பதினோரு வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது.

நாங்கள் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறவர்கள். முட்டையை உள்ளே வைத்தால் இருபத்தொரு நாள். அந்த இருபத்தொரு நாளும் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் அசந்துவிட்டால் ஆயிரக்கணக்கான முட்டையும் பாழ். அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு டீசல் ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அதற்குப் பெயர் மாப்பிள்ளை. வருடம் முழுக்க மூலையில் உட்கார்ந்திருப்பான். எப்போதாவது எழுந்து வேலை செய்வான். அதற்காக ஆயில் பார், தண்ணீர் பார், தூசி தட்டு என்று வீடே அவனைச் சுற்றி வரவேண்டும். உபசாரத்தில் குறை வைத்தால் முறுக்கிக்கொண்டு கிளம்பவே மாட்டான். பெயர் வைத்தது நான்தான்.

"அப்போ இந்த வீட்டுல நான் யாரு?" என்று என் கணவர் அப்போது கேட்டார்.

"நீங்க ஒரு நாள் கூப்பிட்ட உடனே எழுந்திருங்க, பேர மாத்திடலாம்" என்றேன்.

மறுநாள் காலை நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. என் கணவரின் அண்ணன் எட்டு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில் பைப், குழாய்ச் சாமான் கடை வைத்திருக்கிறார். போன மாதம் கடையில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டார். கடையைப் பார்க்க ஆளில்லை. "ஆறே மாசம். அண்ணன் எழுந்து நடமாடுற வரைக்கும். அப்புறம் நம்ம வேலைய நாம பாக்கலாம்" என்றார் என் கணவர். சரியென்றேன். கூடப்பிறந்தவர் விழுந்து கிடக்கும்போது முட்டைதான் முக்கியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு மாதம் என்ற கணக்கை மனதில் பிடித்துக்கொண்டுதான் கடைசி முட்டைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். முந்தாநாள் கடைசிக் குஞ்சுகளும் வண்டியேறிப் போய்விட்டன. ஹாஸ்டலில் இருக்கும் மகளிடமும், அடுத்த விடுமுறைக்குள் இங்கே திரும்பிவிடுவோம் என்று போனில் சொல்லியிருந்தேன்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்தால் சின்னச் சின்னப் பொய். வீட்டில் பல் விளக்கிக்கொண்டே போனில் "பாதி வழி வந்துட்டேன்" என்பார். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால் சாப்பிடாமலே "ஆச்சு" என்பார். யாரையும் கோபப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் அரிச்சந்திரன். எத்தனை மணி நேரம் ஓடினான், எப்போது ஆயில் மாற்றியது எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். ஒரு நாள் ஆயில் பார்க்க மறந்துவிட்டால், "இன்று பார்க்கவில்லை, என் தவறு" என்று எழுதுவார். என்னிடம் ஒரு தவறையாவது அப்படி ஒப்புக்கொண்டிருப்பாரா? கிடையாது.

பகல் பதினொரு மணிக்கு மெக்கானிக் அண்ணன் வந்தார். மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு அவர்தான் வைத்தியர். ஐம்பது வயதிருக்கும். மனிதர்களோடு பேசும்போது தரையைப் பார்ப்பார், எஞ்சினோடு பேசும்போது நேராகப் பார்ப்பார். அன்றைக்கு வழக்கமான பெட்டியோடு இன்னொரு பெரிய பையும் கொண்டுவந்திருந்தார்.

"தங்கச்சி, முதல்ல ஒரு தடவை ஓட விடுவோம். ஆயில் சூடானாத்தான் அழுக்கையெல்லாம் சேத்துக்கிட்டு கீழ இறங்கும்."

"லோடு குடுக்கணும்ல?"

"பின்னே? வெறுமனே ஓட்டினா உள்ள கரிதான் பிடிக்கும். ஒரு இன்குபேட்டர போட்டு விடு."

ஓடிப்போய் நடு இன்குபேட்டரின் கதவை மூடி சுவிட்சைப் போட்டேன். கொட்டகையில் மாப்பிள்ளை ஒரு உறுமலோடு எழுந்தான். விசிறி சுற்றியது. ஹீட்டர் சிவந்தது. உள்ளே ஒரு முட்டையும் இல்லை. ஆனாலும் அரைமணி நேரத்தில் முள் வழக்கமான முப்பத்தேழரை டிகிரியில் வந்து நின்றது. நான் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க என் கால் ஓய்ந்து நின்றது அந்த அரைமணி நேரம்தான். எனக்கு சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

எஞ்சினை நிறுத்தியதும் மறுபடி பரபரப்பு தொற்றிக்கொண்டது. கொட்டகைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். என் கணவர் உள்ளே முட்டைத் தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். எப்போதும் மெக்கானிக் அண்ணன் வந்தால் தோளோடு தோள் உரச நிற்கிறவர், அன்றைக்குக் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

"அங்க போய் நிக்கலையா நீங்க?"

"நீ இருக்கியே. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு."

தலைக்கு மேல வேலை என்று சொன்னவரின் கை, கட்டிய கயிற்றையே அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தது.

நான் கொட்டகைக்கு வந்தபோது பழைய ஆயில் கருப்பாக வடிந்து முடிந்திருந்தது. மெக்கானிக் அண்ணன் புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றினார். அது எனக்குத் தெரிந்த வேலைதான். இரண்டு வருடத்துக்கு முன் பொரிப்பு அறையின் கூரையை மாற்றியபோது இரண்டு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தோம். அப்போதும் இவர்தான் வந்து இதே போல் மாப்பிள்ளையைத் தூங்கவைத்தார். கடைசியில் ஒரு அட்டை எழுதிக் கட்டுவது இவர் வழக்கம். எங்கேயோ ஒரு ஆலையில் எலி போகாமலிருக்க சைலன்சர் வாயில் துணி அடைத்திருக்கிறார்கள். அது தெரியாமல் ஒருவர் ஸ்டார்ட் செய்து எஞ்சினே போய்விட்டதாம். அதிலிருந்து எதையெதை அடைத்திருக்கிறது, என்றைக்கு எழுப்ப வேண்டும், யார் எழுப்புவார்கள் என்று மூன்று வரி எழுதி சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் கட்டாமல் நகர மாட்டார். அதுவும் உடைமைக்காரர் கையால்தான் எழுத வேண்டும். அந்தப் பழைய அட்டை இன்னும் கொட்டகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. 'எழுப்புகிறவர்' என்ற வரியில் என் கணவர் கையெழுத்தில் 'நானும் அவளும்' என்று இருந்தது.

அதற்கப்புறம் மெக்கானிக் அண்ணன் செய்தவை எனக்குத் தெரியாத வேலைகள். பெல்ட்டைத் தளர்த்தினார். காற்று போகும் வாய் வழியாக ஒரு டப்பாவிலிருந்து எண்ணெயைப் புகையாக அடித்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். பெரிய பையிலிருந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் கை நிறைய வந்தன. போன தடவை இரண்டே இரண்டு பொட்டலம்தான் வைத்தார்.

"என்னண்ணே, இந்தத் தடவை சீர்வரிசை பலமா இருக்கு?"

"வேணும்ல" என்றார், எஞ்சினைப் பார்த்தபடி.

பிறகு டீசல் டேங்கின் அடியில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு கேனுக்குள் விட்டார். டீசல் சளசளவென்று இறங்கியது. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏதோ உறுத்தியது.

"அண்ணே, போன தடவை டேங்க்க வாய் வரைக்கும் நிரப்பச் சொன்னீங்களே? காலியிடம் இருந்தா வேர்த்துத் தண்ணி சொட்டும்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன். அது குறைஞ்ச நாளுக்கு. டீசல் அத்தனை வருஷம் தாங்காதும்மா. பாசி பிடிச்சு கஞ்சி மாதிரி ஆயிடும். அதான் சுத்தமா வடிச்சுட்டு உள்ள எண்ணெய் பூசி விடுறேன்."

"எத்தனை வருஷம்?"

"மூணு வருஷம்னுதானே உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. கூடவே ஆகலாம், அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணுங்கன்னு ரெண்டு தடவை போன் பண்ணினாரே" என்றார். சொல்லிவிட்டு முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். குழாயை மடக்கிப் பிடித்தார். டீசல் நின்றது.

விறுவிறுவென்று உள்ளே நடந்தேன்.

என் கணவர் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷமா?" என்றேன்.

உடனே ஒரு சமாளிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"அண்ணனால இனிமே எழுந்து நிக்க முடியாதாம். டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணன் பையன் படிச்சு முடிச்சு வர மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கடைய நான் பாத்துக்கிறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

"எப்போ சொன்னீங்க?"

"ஆஸ்பத்திரியில வச்சு."

"ஒரு மாசமாச்சு. ஒரு மாசமா ஆறு மாசம், ஆறு மாசம்னு என்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க."

"உள்ளதச் சொன்னா நீ வரமாட்டியே. அங்க போன பிறகு மெதுவா சொல்லிக்கலாம்னு..."

"மெக்கானிக் அண்ணன்கிட்ட மட்டும் வேகமா சொல்லிட்டீங்களே, ரெண்டு தடவை போன் பண்ணி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது... ஆறு மாசம்னு நினைச்சு டீசல நிரப்பி வச்சுட்டா, அவன் வீணாப் போயிடுவான்ல. டீசல் பீய்ச்சுற நாசில் அடைச்சு, பம்ப்பு துருப்பிடிச்சு... பாவம்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நொடிதான். அதன் பின்னாலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷர் என்னிடம் பொய் சொல்லிவிட்டு ஜெனரேட்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

"நான் துருப்பிடிக்க மாட்டேனா?" என்று கேட்டேன்.

என் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டேன். "பதினோரு வருஷம் இந்த ரூம்ல நிக்கிறேன். காய்ச்சலா இருந்தப்பவும் எழுந்து வந்து முள்ளப் பாத்தேன். அங்க உங்க அண்ணன் வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? கடைக்கும் விடமாட்டாங்க. சமையல்கட்டுல உங்க அண்ணிக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்துட்டு, அடுத்த வேளை எப்போ வரும்னு உக்காந்திருக்கணும். ஆறு மாசம்னா பல்லக் கடிச்சுட்டு இருந்துடலாம்னு மனச ஒரு மாதிரி தேத்தி வச்சிருந்தேன். அதுக்கும் மேல என் மனசுல தெம்பு இல்லைங்க. அத ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"

"தப்புதான்" என்றார். நோட்டில் மட்டுமே எழுதுகிற வார்த்தை. எனக்குக் கொஞ்சமும் ஆறவில்லை.

வெளியிலிருந்து மெக்கானிக் அண்ணனின் குரல் கேட்டது. "தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

போனேன். அவர் இன்னும் குழாயை மடக்கிப் பிடித்தபடிதான் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கை விரல் வெளுத்திருந்தது. அவர் பார்வை மறுபடி தரைக்குப் போய்விட்டது.

"புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்துல நான் தலையிடல. எனக்கு இங்க ஒரு பதில் வேணும். டேங்க்கு இப்ப பாதியில நிக்குது. பாதியில மட்டும் விடக்கூடாதும்மா, அதுதான் இருக்கறதுலேயே மோசம். ஒண்ணு முழுசா காலி பண்ணணும், இல்ல முழுசா நிரப்பணும். எதுன்னு சொல்லு."

"நிரப்பினா?"

"பாசி பிடிக்காத மருந்து ஊத்தி வைக்கிறேன். ஆறு மாசம் தாங்கும். மிஞ்சிப் போனா எட்டு. அதுக்குள்ள ஒரு ஆள் வந்து இவன எழுப்பியே ஆகணும். வராம விட்டுட்டு அப்புறம் என்னத் திட்டக்கூடாது."

கொட்டகை வாசலில் நின்றேன், உள்ளே போனேன், மறுபடி வாசலுக்கு வந்தேன். மகள் ஞாபகம் வந்தது. இடுப்பு ஒடிந்து கிடக்கிற பெரியவர் ஞாபகமும் வந்தது. அவர் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. நான் போகாமல் இருக்க முடியாது. போய் அங்கேயே கிடக்கவும் முடியாது. இவ்வளவையும் யோசிக்க எனக்குக் கிடைத்தது, ஒரு மனுஷர் ரப்பர் குழாயை மடக்கிப் பிடித்திருக்கிற நேரம்தான்.

"நிரப்புங்கண்ணே" என்றேன்.

அவர் கேனில் இறங்கியிருந்த டீசலைத் துணி போட்டு வடிகட்டித் திரும்ப ஊற்றினார். போதாததற்குக் கொட்டகை மூலையில் இருந்த இன்னொரு கேனை நான் தூக்கிவந்தேன். மருந்தை அளந்து ஊற்றினார். அடித்த புகையெண்ணெய் ஓடும்போது எரிந்துவிடும், கெடுதல் இல்லை என்றார். பெல்ட்டை மறுபடி இழுத்துக் கட்டினார். மருந்து கலந்த டீசல் நாசில் வரை போய்ச் சேர வேண்டும் என்று பத்து நிமிடம் ஓடவிட்டார். மாப்பிள்ளை முதலில் வெள்ளையாகப் புகை கக்கி இருமினான், பிறகு சரியானான். என் கணவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றார். டேங்க் மூடிவரை டீசல் ததும்புவதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணனுக்கு ஆறு மாசம் செய்யறேன்" என்றேன். "முகம் சுளிக்காம செய்வேன். அதுக்கப்புறம் நான் இங்க வந்துடுவேன்."

"தனியா எப்படி..."

"முட்டைய நீங்களா அடைகாத்தீங்க?"

மெக்கானிக் அண்ணன் இருமுவது போல் சிரிப்பை அடக்கினார். பேட்டரியைக் கழற்றி மரப்பலகை மேல் வைத்து, முனைகளில் கிரீஸ் தடவினார். காற்று வாய்க்கும் சைலன்சர் வாய்க்கும் பிளாஸ்டிக் கட்டினார். எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு அட்டையும் பேனாவும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கி என் கணவரிடம் நீட்டினேன். "நீங்க எழுதுங்க."

"நான் எதுக்கு? நீதானே..."

"நீங்கதான் எழுதணும். என்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லுவீங்க. இவன்கிட்ட சொல்லமாட்டீங்க."

அட்டையை டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். 'அடைத்தவை' என்பதற்கு எதிரே காற்று வாய், சைலன்சர் என்று எழுதினார். பேட்டரி கழற்றியதையும் சேர்த்துக்கொண்டார். 'எழுப்ப வேண்டிய நாள்' என்ற வரிக்கு வந்ததும் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடி எண்ணினார். சரியாக ஆறு மாதம் தள்ளி, தேதி போட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போதும் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். ஆணியில் தொங்கிய அந்த 'நானும் அவளும்' அட்டை அவர் தலைக்கு நேர் மேலேதான் இருந்தது.

'எழுப்புகிறவர்' என்ற வரியில் பேனா நின்றது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிது என்று எனக்குத் தெரியும். எனக்குப் பிடித்ததை எழுதி என்னை அந்த நிமிஷம் குளிரவைப்பதும் அவருக்குக் கைவந்த கலைதான். பேனாவை ஒரு தடவை உதறினார். பிறகு என் பெயரை எழுதினார். முழுப் பெயர், இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

இருபது வருடக் குடித்தனத்தில் ஒரே வீட்டில் இல்லாமல் இருக்கப்போகிற முதல் வருடங்கள், ஒரு அட்டையில் மை காயாமல் இருந்தன. அவர் கண் கலங்கியிருந்தது. மனுஷர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"சரியா எழுதியிருக்கான்னு பாத்துக்க தங்கச்சி" என்றார் மெக்கானிக் அண்ணன். "அப்புறம் மாத்தக் கூடாது."

நான் ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

"சரியாத்தான்ணே இருக்கு" என்றேன். அட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, சாவியை உருவி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.